இன்டக்‌ஷன் சட்டி என்று சொல்லி 34,500 ரூபாவை வாங்கிக்கொண்டார்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை காலி வீதியில் இருக்கிறது. பாத்திரமும் மின்சாதனங்களும் சேர்த்து விற்கும், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. இதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை.

2021 இறுதியில் வீடுகளில் காஸ் வெடித்த செய்திகளைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் காஸ் என்றாலே நடுக்கம். அடுத்த வருடம் சிலிண்டருக்காக வரிசையில் நின்றதோடு மனமே விட்டுப்போயிற்று. ஒருவழியாக இப்போதுதான் தொடர்மாடி வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்புப் பூட்டினோம். எங்கள் அலுமினியச் சட்டிகளும் மண்சட்டியும் அதற்கு உதவாது என்று தெரிந்துதான் அந்தக் கடைக்குப் போனோம். “இன்டக்‌ஷன் அடுப்புக்கு வேண்டும்” என்று வாசலிலேயே சொன்னேன்.

“அக்கா, என் வாயை நம்பவேண்டாம், கண்ணால் பாருங்கள்” என்றார் விற்பனையாளர். ஐந்து பாத்திரங்கள் கொண்ட ஒரு தொகுதியிலிருந்த தாச்சியை எடுத்து அடியில் காந்தத்தை வைத்தார். பிடித்துக்கொண்டது. அடுப்பில் வைத்துத் தண்ணீரும் கொதிக்கவைத்துக் காட்டினார். மற்ற நான்கும் பெட்டிக்குள் உறையோடு இருந்தன. அவற்றையும் பார்க்கவேண்டும் என்றதற்கு, “எல்லாம் ஒரே தொகுதி, ஒரே அடி அக்கா, உறையைக் கிழித்தால் கீறல் விழும்” என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “இனிப் பயமில்லாமல் சமையுங்கள் அம்மா” என்றார். அம்மா அவரை நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்திவிட்டு வந்தார். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. 34,500 ரூபா எண்ணிக் கொடுத்தோம்.

வீட்டில் தாச்சி மட்டும் சூடேறியது. மற்ற நான்கையும் வைத்தால் அடுப்புக் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. அடியில் இன்டக்‌ஷனுக்கு உகந்தது என்று காட்டும் சுருள் முத்திரை மட்டும் அழகாகக் குத்தியிருக்கிறார்கள். உள்ளே வெறும் அலுமினியம். இன்டக்‌ஷன் அடுப்பு நெருப்பைப் போலவோ சூட்டுத்தட்டைப் போலவோ வெளியிலிருந்து சுடுவதில்லை. அதன் காந்தப்புலத்தால் சட்டியின் அடியிலேயே சூடு பிறக்கவேண்டும். அதற்குக் காந்தம் பிடிக்கும் இரும்போ உருக்கோ அடியில் இருக்கவேண்டும். முத்திரையா சோறு வேகவைக்கும்?

தொலைபேசியில் கேட்டால், “உங்கள் அடுப்பில் கோளாறாக இருக்கும்.” நேரில் போனால், “முதலாளி இல்லை.” வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் முதலாளி அகப்பட்டார். பற்றுச்சீட்டைக் காட்டி, “மின் அடுப்புப் பாத்திரம் என்றுதானே போட்டிருக்கிறது? சூட்டுத்தட்டில் வையுங்கள், வேலை செய்யும்” என்றார். எழுதும்போதே திட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள்! அது போதாதென்று, சட்டிக்கு அடியில் வைக்க ஓர் இரும்புத் தட்டையும் என் தலையில் கட்டப் பார்த்தார், அதற்கு வேறு காசு. அந்தத் தட்டு முதலில் தான் சூடாகி, பிறகுதான் சட்டிக்குச் சூட்டைக் கொடுக்கும். மின்சாரம் வீண், அடுப்பின் கண்ணாடிக்கும் கெடுதல். 34,500 ரூபாவை விழுங்கியவர்களுக்கு அதுவும் போதவில்லை.

வாங்கப் போகிறவர்கள் காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு சட்டியின் அடியிலும், நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். எவர்சில்வர் என்றாலும் விடாதீர்கள், சிலவகை பிடிக்காது. அடி தட்டையாக இருக்கவேண்டும். உறையைப் பிரிக்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். பற்றுச்சீட்டில் ‘இன்டக்‌ஷன்’ என்ற சொல்லையே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே அகப்பட்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுத்துவிடவேண்டும். என்னுடையதை எழுதிவிட்டேன், பற்றுச்சீட்டின் பிரதியோடும் நான்கு சட்டிகளின் படங்களோடும் நாளை கொடுக்கப் போகிறேன்.