தேன்மெழுகு பாலிஷ் நல்லாத்தான் இருக்கு, ஆனா டப்பால போட்டிருக்கறத அப்படியே நம்பாதீங்க

தாத்தா கணக்கெழுதின மேஜை இப்போ என்கிட்ட வந்திருக்கு. டிராயர் கைப்பிடியச் சுத்தி கை பட்டுப் பட்டு அழுக்கு தோல் மாதிரி ஏறிப்போய், நகத்தால சுரண்டினா சுருண்டு சுருண்டு வருது. இதுக்காகத்தான் தேன்மெழுகும், கார்னோபான்னு ஒரு வகைப் பனையோட இலைலேர்ந்து எடுக்கற மெழுகும் கலந்த பேஸ்ட் பாலிஷ் ஒரு டப்பா வாங்கினேன், ரெண்டு மாசமா யூஸ் பண்றேன்.

முதல் தடவ நான் அடிச்ச கூத்தச் சொல்லிடறேன். 'துடைத்துவிட்டுத் தடவவும்'னு டப்பால ஒரே வரிதான், நானும் தூசியத் தட்டிட்டு, நிறையப் போட்டா நிறைய மின்னும்னு நெனச்சு விரலால அள்ளி அப்பிட்டேன். மறுநாள் பாத்தா பலகை பூரா பிசுபிசுன்னு இருக்கு, மேல வச்ச பேப்பர் ஒட்டிக்கிச்சு, அழுக்கோ மெழுகுக்கு அடியில பத்திரமா உக்காந்திருக்கு! டர்பன்டைன் தொட்டுத் தொட்டு அத்தனையும் வழிச்செடுக்க அரை நாள் ஆச்சு, ஜன்னலத் தொறந்து வச்சும் தலைவலி.

ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணேன். லேசான சோப்புத் தண்ணில துணிய நனைச்சு, சொட்டு கூட வராத மாதிரி இறுக்கிப் பிழிஞ்சு துடைச்சு, காயவிட்டு, ஒரு பட்டாணி அளவு பாலிஷ மட்டும் பழைய பனியன் துணில எடுத்து மர இழை ஓடற பக்கமாவே தேய்ச்சேன். கால் மணி நேரத்துல மங்கலா ஒரு படலம் வரும், அப்போ வேற சுத்தமான துணிய வச்சு நல்லா அழுத்தித் தேய்க்கணும், கை வலிக்கும்தான். ஆனா அந்த இழையெல்லாம் தெளிஞ்சு மேல வந்தத பாக்கணுமே, கண்ணாடி மாதிரி பளபளப்பு இல்ல, உள்ளேர்ந்து வர்ற மாதிரி ஒரு மினுமினுப்பு. கார்னோபா கெட்டியான மெழுகு, உருகவே 80 டிகிரிக்கு மேல வேணும், தேன்மெழுகு 60 சொச்சத்துலயே உருகிடும். அதனாலதான் வெறும் தேன்மெழுகுல விழற அளவுக்கு இதுல விரல் ரேகை விழறதில்ல.

'மரத்துக்கு ஊட்டமளிக்கும்'னு டப்பால போட்டிருக்கறது சும்மா. வெட்டின மரம் எதத் திங்கப் போகுது, இது வார்னிஷுக்கு மேல ஒரு மெல்லிசான காப்பு, அவ்ளோதான். கீறலையும் மறைக்கும்னாங்க, மெல்லிசான கீறல் சரி, ஆழமானது அப்படியேதான் தெரியுது. வெள்ளையா இருந்த டம்ளர் வளையம், ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்ல, அதாவது பஞ்சு மாதிரி இருக்கற இரும்பு நார்ல, இந்த பாலிஷயே தொட்டு மெதுவா தேய்ச்சதுல போயிடுச்சு, அது மேல் பூச்சுல மட்டும் நின்ன ஈரம். கறுப்பு வளையம் அசையவே இல்ல, அது தண்ணி மரம் வரைக்கும் இறங்கின கறை, எந்த மெழுகுக்கும் போகாது.

இதுக்கு முன்னாடி சிலிகான் கலந்த ஸ்ப்ரே ஒண்ணு அடிச்சிட்டிருந்தேன். உடனே பளிச்சுன்னு ஆகும், ஆனா பின்னாடி எப்பவாவது புதுசா வார்னிஷ் அடிக்கணும்னு வந்தா அது ஒட்டாம குழி குழியா விலகி நிக்கும், பழைய சாமான்ல அத அடிக்கவே அடிக்காதீங்க.

டப்பா மூடிதான் பெரிய தொல்லை, ஸ்பூன் வச்சு நெம்பினாத்தான் தொறக்குது. வாசனை ரெண்டு நாள் நிக்கும். வாங்கறதா இருந்தா சின்ன டப்பாவே போதும், ரெண்டு மாசத்துல என்னுது கால்வாசி கூட தீரல.