எஞ்சின் சத்தத்தைக் குறைக்கிறோம் என்று 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

இதை எழுதும்போதும் விரல் இடுக்கில் தார் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. 18,500 ரூபாய் கொடுத்து காரில் ஒட்டிய ஷீட்டை இன்று காலையிலிருந்து நானே சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

என்னுடையது 1994 மாடல், அப்பா வாங்கிய வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலே கியர். எண்பதில் போனால் கத்தத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சில மாதமாக சிக்னலில் நிற்கும்போதே ஸ்டியரிங் நடுங்கும், டேஷ்போர்டு கடகடவென்று அடித்துக்கொள்ளும், பின் சீட்டில் இருந்து அம்மா பேசுவது காதிலேயே விழாது.

கார் அலங்காரப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் என் கதவைத் தட்டினார், தகரம் மாதிரி அதிர்ந்தது. பக்கத்தில் வேலை முடிந்து நின்ற வண்டியின் கதவைத் தட்டினார், தொப்பென்று அடங்கியது. "பியூட்டைல்னு ஒரு ரப்பர் ஷீட் சார், அடியிலயும் கதவுலயும் பானெட்லயும் ஒட்டிட்டா எஞ்சின் ஓடுறதே தெரியாது. அப்பா வண்டின்னு சொல்றீங்க, நானே கூட நின்னு செய்யறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். 18,500 ரூபாயையும் முன்பணமாகவே கொடுத்தேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார், நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கதவைத் தட்டினால் வரும் சத்தம் வேறு, எஞ்சின் சத்தம் வேறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஷீட் தகடு அதிர்வதைத்தான் அடக்கும். எஞ்சினே பாடியைப் பிடித்து உலுக்கினால் அது என்ன செய்யும்?

வண்டியை எடுத்த அன்றே நடுக்கம் அப்படியே இருந்தது. "ஷீட் செட் ஆக ஒரு வாரம் ஆகும் சார்" என்றார். சரி என்று இருந்தேன். வெயிலில் நிறுத்திய மூன்றாம் நாள் உள்ளே ரோடு போடும் இடம் மாதிரி தார் நாற்றம். பியூட்டைல் இப்படி உருகாது, இவர்கள் ஒட்டியது ஒழுகும் கூரைக்கு ஒட்டும் தார் ஷீட். அப்புறம் பானெட்டில் ஒட்டியது கழன்று, எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்டு மேல் விழுந்து புகைந்தது. அம்மா உள்ளே இருந்தார்.

போன் செய்தால் "ஓனர் ஊர்ல இல்ல". மறுபடி செய்தால் "லைன்ல இருங்க", இருபது நிமிடம் இருந்தேன். நேரில் போனேன். "பியூட்டைல்னு நான் சொல்லவே இல்லையே" என்றார், என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "முப்பது வருஷ வண்டி சார், இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?" அன்று மாலையிலிருந்து என் நம்பரை எடுப்பதே இல்லை.

நேற்று ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தார். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் கிழிந்து இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே ஆடும், அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வதே மவுன்ட்தான். மேனிபோல்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் பிய்ந்திருந்தது. கிளட்ச் கேபிள் உள்ளே வரும் ஓட்டையில் ரப்பரே இல்லை, சத்தம் நேராகக் காலடிக்கு வந்திருக்கிறது. எல்லாம் மாற்றக் கூலியோடு 2,400 ரூபாய். வண்டி அடங்கிவிட்டது. "முதல்லயே வந்திருக்கக் கூடாதா தம்பி" என்றார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்று சுரண்டுவதற்காகக் கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து மூடி ஒட்டியிருக்கிறார்கள். முப்பது வருடமாகத் துரு இல்லாமல் அப்பா காப்பாற்றிய கதவு.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. முதலில் மவுன்ட், கேஸ்கெட், கேபிள் ஓட்டை ரப்பர் மூன்றையும் பாருங்கள். ஷீட் ஒட்டுவதாக இருந்தால் ஒரு துண்டை வாங்கி ஒரு நாள் வெயிலில் வைத்து முகர்ந்து பாருங்கள், தார் வாசம் வந்தால் வேண்டாம். பானெட்டில் தீப்பிடிக்கும் எதையும் ஒட்ட விடாதீர்கள். கதவின் அடி ஓட்டை திறந்திருக்கட்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் 18,500 கொடுத்தேன், கையில் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டு.