பழைய பெட்ரோல் பிக்கப்பும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களும்

என் பழைய பெட்ரோல் பிக்கப் வண்டியில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருந்து, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் மந்தமாகி எரிபொருள் செலவு ஏறியபோது, விலை குறைவு என்பதற்காக முதலில் வாங்கியது, எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட நான்கு ஒயர் சென்சார். ஒயர் நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால் பழைய இணைப்பானை வெட்டி ஒட்டுவதே ஒரு சோதனையாக இருந்தது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயரின் இழைகள் வழியாகவே பெறுவதால் அங்கே ஈயப்பற்று வைக்கக் கூடாது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சில வாரங்களில் சென்சாரைச் சூடேற்றும் மின்சுற்று பழுதாகி, அதைக் குறிக்கும் பி0135 என்ற பழுதுக் குறியீடு வந்துவிட்டது.

அடுத்து வாங்கிய டென்சோ நிறுவனச் சென்சார், வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்டது. இணைப்பான் அப்படியே பொருந்தியது, ஒயரின் நீளமும் சரியாக இருந்தது, மரையில் இறுகிப்போகாமல் காக்கும் பசையும் முன்கூட்டியே பூசப்பட்டிருந்தது. சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளால் ஆன இத்தகைய சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் எஞ்சினைச் சூடாக்கிய பிறகு அளந்தேன், மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே, நல்ல சென்சாருக்கு உரியபடி, தயக்கமின்றி ஏறி இறங்கியது. விலை அதிகம்தான், ஆனால் இரண்டு முறை வண்டிக்கு அடியில் படுத்தவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. துருப்பிடித்த பழைய சென்சாரைக் கழற்ற, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் தேவைப்படும். வாங்குவதற்கு முன் புகைபோக்கிக் குழாயில் கசிவு இல்லையா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் கசிவின் வழியே புகும் காற்று நல்ல சென்சாரையும் பொய் சொல்ல வைத்துவிடும்.