போர்க்கால லாரி என்று பணம் வாங்கி, பொம்மை லாரி அனுப்பிய ஆள் – மாடல் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஸ்கேல் மாடல் (நிஜ வண்டி, விமானத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கிய மாதிரி) கட்டுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். "இரண்டாம் உலகப்போர் ராணுவ லாரி, 1/72, கையால் கட்டி பெயின்ட் அடித்தது" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு வண்டிக்கு 5,200 ரூபாய் ஜிபே-யில் அனுப்பினேன். வந்ததில் ஒன்று போர்க்கால வண்டியே இல்லை. 1/72, அதாவது நிஜத்தின் 72-ல் ஒரு பங்கு அளவு என்பது இரண்டிலுமே பொய்.

நான் மாடலாகக் கட்டிக்கொண்டிருப்பது பெங்களூரு பக்கத்து எலகங்கா விமானத்தளம், 1944-ல் இருந்தபடி. பர்மா போர்முனைக்கான ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) ஸ்குவாட்ரன்கள் பல, ஹரிக்கேன் போர்விமானத்தை விட்டு தண்டர்போல்ட்டுக்கு மாறியது அங்கேதான். ஜப்பான்காரனின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்று சிவப்பையே எடுத்துவிட்டு இரண்டு நீலத்தில் வட்டம் போட்ட விமானங்கள் அவை. விமானம் முடிந்துவிட்டது. தரைக்கு கேப்பர் மலை செம்மண்ணைச் சலித்து, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டியாயிற்று. பாக்கி இருந்தது வண்டிகள்தான். விமானத்தளம் என்றால் பெட்ரோல் டேங்கர் ஒன்று, சாமான் லாரி ஒன்று இல்லாமல் முடியாது.

டேங்கருக்கு நான் கேட்டது சிஎம்பி, அதாவது கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே மாதிரியில் தயாரித்த ராணுவ லாரி. நான்கு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். மூக்கே இல்லாத சப்பை முகம். 13-ஆம் எண் கேபின் என்றால் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் தள்ளி, கீழ்விளிம்பு உள்ளே இழுத்து நிற்கும். வெயில் பட்டு மினுங்கினால் மேலே பறக்கிற எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக அப்படி. சாமான் லாரிக்கு ஜிஎம்சி சிசிகேடபிள்யூ கேட்டேன். ஆறு சக்கரம், இரண்டரை டன், 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து அமெரிக்கா நேசநாடுகளுக்கும் கொடுத்த வண்டி.

புது கிட்டாக (நாமே கட்டிக்கொள்ளும் பாகங்களின் பெட்டி) வாங்கலாமே என்பீர்கள். சிஎம்பி வேண்டுமென்றால் போலந்து ஐபிஜி கம்பெனி 1/72-லேயே போடுகிறது, ஜிஎம்சி ஜப்பான் கம்பெனி ஹாசேகாவாவில் உண்டு. ஆனால் 2020-ல் பொம்மை இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதம் ஆனது, 2023-ல் 70. போதாக்குறைக்கு 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நம் கிட்டையும் பொம்மை என்று பிடித்து கஸ்டம்ஸில் போட்டுவிட்டால் எப்போது வரும், வருமா என்றே சொல்ல முடியாது. இந்த ஆள் மாதிரியானவர்களுக்குப் பிழைப்பு ஓடுவதே அதனால்தான்.

பார்சலைப் பிரித்ததும் தண்டர்போல்ட் பக்கத்தில் "ஜிஎம்சி"யை வைத்துப் பார்த்தேன். 1/72-ல் ஒரு ஆள் 24 மில்லிமீட்டர் உயரம். என் பைலட் அந்த லாரியின் கதவுப் பிடியை எக்கித்தான் தொட வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்தால் லாரியின் நீளம் 105 மி.மீ. நிஜ ஜிஎம்சி சுமார் ஆறரை மீட்டர். 1/72-ல் 90 மி.மீ. சுற்றித்தான் இருக்க வேண்டும். திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டில் அரம் போட்டு எதையோ தேய்த்திருக்கிறார்கள், அதன் மேல் ஆலிவ் பச்சை தடவியிருக்கிறது. காது குடையும் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்ததும் கீழே பளபளவென்று உலோகம், அதில் பாதி தேய்ந்த எழுத்து: "எம்35", அடுத்து "1:64". கடையில் அட்டையில் தொங்குகிற டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மை. எம்35 என்பது 1950-ல் வந்த லாரி. ஹிட்லர் செத்து ஐந்து வருஷம் கழித்து!

சிஎம்பி என்று வந்தது பெட்ஃபோர்டு க்யூஎல் டேங்கர். அது 1941-ல் வந்த, அசல் போர்க்கால வண்டிதான், மறுக்கவில்லை. இதற்கும் சப்பை முகம் என்பதால் தள்ளிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஏர்ஃபிக்ஸ் ரொம்ப காலமாக விற்கும் 1/76 கிட்டை அச்செடுத்து ரெசினில் ஊற்றிய நகல் இது. மட்கார்டு ஓரமெல்லாம் காற்றுக் குமிழி, ஒரு சக்கரம் முட்டை வடிவம். விமானப்படை வட்டக் குறி டீக்கலை (மாடலில் ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஈரத் துணியால் ஒற்றினேன். நீலம் அப்படியே துணியில் வந்துவிட்டது. சாதா இங்க்ஜெட்டில் அடித்து, மேலே வார்னிஷ் கூட அடிக்காமல் ஒட்டியிருக்கிறார்.

போன் போட்டேன். "சார், 72-க்கும் 76-க்கும் நாலுதானே வித்தியாசம், யார் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறாங்க?" என்றார். "64-க்கு என்ன சொல்றீங்க?" என்றேன். "அது கொஞ்சம் பெருசா தெரியும், தள்ளி வெச்சுக்குங்க சார்." டயோரமாவில் (மாடல்களை வைத்து அமைக்கும் காட்சி) தூரத்தில் இருப்பதுதான் சின்னதாகத் தெரிய வேண்டும், பெரிய வண்டியைப் பின்னால் வைக்கச் சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "பிரிச்ச பார்சல் ரிட்டர்ன் கிடையாது" என்றார். அப்புறம் பிளாக்.

அவர் அனுப்பிய படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர் கட்டிய வண்டிகள், அந்த வெளிநாட்டுக்காரரின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த படங்கள். அதனால் யாரிடம் வாங்கினாலும் அடிப்பக்கத்துப் படம் கேளுங்கள். வண்டியோடு ஒரு ஸ்கேலையும், உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டையும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அசல் ஆள் என்றால் அரை மணியில் அனுப்பிவிடுவார். ஆறு மீட்டர் லாரி 1/72-ல் 83 மி.மீ., 1/76-ல் 79. நான்கு மி.மீ.தானே என்று தோன்றும், ஆனால் அதே 1/72 பைலட்டை கதவருகே நிறுத்தினால் வித்தியாசம் பல்லிளிக்கும். கட்டி முடித்தது வேண்டாம், ஸ்ப்ரூவோடு (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பெட்டியாக வாங்குங்கள் என்பது என் கட்சி. பெட்டியில் ஸ்கேல் அச்சிட்டிருக்கும், அதை அரத்தால் தேய்க்க முடியாது.

பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ என்னிடம் இருந்தது. அதையும் பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடியிருந்தால் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும், அது சைபர் மோசடிக்கான எண். புகார் நகலை வேறு நம்பரிலிருந்து அவருக்கு அனுப்பிய பிறகு 2,000 ரூபாய் மட்டும் வந்தது, "பேக்கிங், கூரியர், லேபர் போக" என்று. மீதியை விடுவதாக இல்லை.

இப்போது வேறு பெயரில், வேறு நம்பரில் அதே படங்களைப் போட ஆரம்பித்திருக்கிறார். அடையாளம் சொல்கிறேன்: டேங்கர் படத்தில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சிவப்பு டிரம், அதன் மேல் ஒரு வாளி. அந்தப் படம் எந்தக் குழுவில் வந்தாலும் அட்மினிடம் சொல்லுங்கள்.