கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஒன்றரை வருடம்: கேம் டிசைன் படிக்க வாங்கிய கம்ப்யூட்டர்

2024 ஆடியில் வாங்கினேன், இப்போது தை. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வேகத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலமும், ஒரு பாலக்காட்டுக் கோடையும், கணவாய் வழியாக வரும் மார்கழிக் காற்றும் இந்தப் பெட்டியின் மேல் பட்டுவிட்டன. இப்போதுதான் முழுசாகச் சொல்ல முடிகிறது.

வீடு கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். படிப்பது கோவையில், கேம் டிசைன் கடைசி வருடம். தினமும் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். நான் செய்துகொண்டிருக்கும் கேம் ஒரு தென்னந்தோப்பில் நடக்கிறது. தோப்பின் ஓரத்தில் ஓலைக்கூரை போட்ட ஒரு கள்ளுக்கடை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் என்னோடு படிப்பவர்களில் பலர் கள்ளுக்காகத் தென்னம்பாளை சீவுவதைப் பார்த்ததே இல்லை. எங்கள் சித்தூர் தாலுகாவிலோ அது அன்றாட வேலை. இதை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பழைய லேப்டாப் ஐ5 9300ஹெச் ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம். கிராஃபிக்ஸ் மெமரி 4 ஜிபிதான். ஒரு தென்னை மட்டையில் 200க்கு மேல் கீற்றுகள் இருக்கும், ஒரு மரத்துக்கு முப்பது மட்டையாவது வேண்டும். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டுகிற படம்) சுருக்காமல் இருந்தால் 64 எம்பி பிடிக்கும். தரம் கெடாமல் சுருக்கினால் 16 எம்பி, தூரத்துக்கான சின்னப் பிரதிகளோடு சேர்த்தால் 21. பட்டை, மட்டை, கூரை, மண், கள்ளு முட்டி என்று அடுக்கினால் 4 ஜிபி எந்த மூலைக்கு? கேம் செய்யும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினைத் திறந்தாலே இடது மூலையில் 'டெக்ஸ்சர் ஸ்ட்ரீமிங் பூல் ஓவர் பட்ஜெட்' என்று, மெமரி போதவில்லை என்கிற சிவப்பு எழுத்து வந்து நிற்கும். நான் நுணுக்கமாக வரைந்த பட்டையெல்லாம் கலங்கிய தண்ணீர் மாதிரி தெரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை லைட் பேக்கிங். இந்த கேம் சாதாரண லேப்டாப்பிலும் ஓட வேண்டும் என்பது என் முடிவு. அதனால் வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒட்டிவைக்கிற முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். கூரை ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழ வேண்டும். சூரியனை 5 டிகிரி சாய்த்துவிட்டு, பேக்கிங்கை ஓடவிட்டுப் படுத்தால் காலையில்தான் முடிவு தெரியும். தப்பாக வந்திருந்தால் மறுபடி அடுத்த நாள் இரவு. ஒரு மாதத்தில் பதினைந்து தடவை பார்த்திருந்தால் அதிகம்.

வாங்கியது இதுதான்: ரைசன் 7 7700 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 750 வாட் பவர் சப்ளை, 27 இஞ்ச் 1440பி மானிட்டர். 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ரூ.1,55,500. அதில் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ரூ.61,000. அம்மாவின் வளையலை அடகு வைத்து எடுத்த பணம்; இன்னும் நான்கு தவணை பாக்கி. பஸ்ஸில் போய்வருகிற எனக்கு ஏன் டெஸ்க்டாப் என்று பலரும் கேட்டார்கள். லேப்டாப்பில் வருகிற ஆர்டிஎக்ஸ் 4070க்கு மெமரி 8 ஜிபி. டெஸ்க்டாப் 4070 சூப்பருக்கு 12 ஜிபி. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. என் வேலையில் முதலில் தீர்ந்துபோவது மெமரிதான். காலேஜில் காட்ட வேண்டியதை வெளி எஸ்எஸ்டியில் எடுத்துப் போகிறேன், சிரமம்தான், ஆனால் பழகிவிட்டது.

சரி, வேகம். இதே பேக்கிங் இப்போது கிராஃபிக்ஸ் கார்டில் நடக்கிறது, 8 நிமிடம். ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து சூரியனின் கோணத்தை ஒன்பது விதமாக மாற்றிப் பார்த்தேன். ஏழாவதில்தான் புரிந்தது, தப்பு சூரியனில் இல்லை, கூரை ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்ததில். பழைய மெஷினில் அந்த ஏழாவது முயற்சி ஒரு வாரம் கழித்து வந்திருக்கும், அதற்குள் எதைத் தேடினேன் என்பதே மறந்திருக்கும். முன்பு புது ப்ராஜெக்டைத் திறக்கும்போது ஷேடர் (பொருளின் மேற்பரப்பை வரைகிற சின்ன ப்ரோகிராம்) கம்பைல் ஆவதற்கு 40 நிமிடம் காத்திருப்பேன். இப்போது 6. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் தந்தது இதுதான்: ஒரே நாளில் பல தடவை தப்புச் செய்து திருத்த முடிகிற வசதி.

ஆனால் இதே வேகம் என்னை நன்றாக ஏமாற்றவும் செய்தது. முதல் மூன்று மாதம் தோப்பில் மரத்தை நட்டுக்கொண்டே போனேன். திரையில் நொடிக்கு 90 ஃப்ரேமுக்குக் குறையவே இல்லை. தீபாவளி லீவில் அந்த பில்டை (ஓடக்கூடிய கேம் கோப்பை) அப்படியே பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். 14 ஃப்ரேம். நொடிக்கு 30 வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அங்கே 70 போய்க்கொண்டிருந்தது. நான் யாருக்காகச் செய்கிறேனோ அவர்கள் கையில் இருப்பது 1650 மாதிரி கார்டுதான். மூன்று மாத வேலையில் பாதியைக் கழித்தேன். தூரத்து மரங்களுக்குப் படம் ஒட்டிய ஒற்றைத் தகடு, ஒன்றன்மேல் ஒன்றாக மறைக்கிற கீற்றுகளைக் குறைப்பது, டெக்ஸ்சர்களைச் சேர்த்துக் கட்டுவது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பில்டை லேப்டாப்பில் ஏற்றி, 'ஸ்டாட் எஃப்பிஎஸ்' கட்டளை போட்டு, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்ணை நோட்டில் எழுதிவைக்கிறேன். புதுசு வாங்குகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பழையதை விற்றுவிடாதீர்கள்.

பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய புதிதில் வந்த சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். இந்த ஏஎம்5 வகை மதர்போர்டு ராமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து ஆஃப் செய்ய வேண்டாம். 6000 வேக ராம் வாங்கினாலும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்போ என்கிற ராம் வேக அமைப்பைப் போடாவிட்டால் 4800இல்தான் ஓடும். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், ஏனென்றால் 7700க்குள்ளேயே ஒரு சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. நான் நான்கு நாள் அப்படியே ஓட்டிவிட்டு, காசு வீணாகிவிட்டதோ என்று தூக்கம் இல்லாமல் கிடந்தேன்.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் ஜிவ்வென்று ஏறும். முதலில் பிரமை என்று நினைத்தேன். டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் விளக்கு மங்கலாக எரிந்தது. மைக்கில் குரல் பதிந்தால் பின்னால் ஓர் இரைச்சல். கடையைக் கேட்டதற்கு, பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பக்கத்துத் தெரு எலக்ட்ரிசியன் சேட்டன் வந்து மூன்று முள் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோளே, எர்த் கிட்டுனில்லல்லோ" (மகளே, எர்த் கிடைக்கவில்லையே) என்றார். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுகிற கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டிலேயே கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நிற்கும். கொல்லையில் மாட்டுக்கொட்டகை ஓரம் இருந்த எர்த் குழாயைச் சுற்றி மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது, குழாயும் துருப்பிடித்திருந்தது. புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, சிமெண்ட் வளையம் வைத்தார். ரூ.3,400 ஆனது. அன்றிரவு டெஸ்டர் எரியவில்லை, மைக் இரைச்சலும் போய்விட்டது. மாசி பிறந்தால் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுவது அம்மாவின் வேலையாகிவிட்டது. எங்கள் பக்கம் மாதிரி வறண்ட மண்ணில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் வாங்கும் முன்னே இதைப் பார்த்துவிடுங்கள்.

யுபிஎஸ்ஸில் நான் செய்த தப்பு, 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைத்தது. என்னுடையது 360 வாட்தான் தாங்கும். கார்டு மட்டுமே 220 வாட் வரை இழுக்கிறது. கோடை மழை நாளில் ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனது, யுபிஎஸ் ஒரு பீப் அடித்துவிட்டுத் தானும் அணைந்தது. அரை நாள் வேலை போச்சு. இப்போது இருப்பது 1100 விஏ, ப்யூர் சைன் வேவ்.

ஏப்ரலில் வெளியே 40 டிகிரி, எங்கள் ஓட்டு வீட்டு அறைக்குள் இந்தப் பெட்டியும் சேர்ந்து அனல் கக்கும். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினேன். வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை, ஃபேன் சத்தம் பாதியானது. காற்றுக்காலத்தில் முன்பக்க ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

எனக்குக் குறையாகவே இருப்பது ராம். ஆரம்பத்திலேயே 64 ஜிபியாக, இரண்டு ஸ்டிக்கில் எடுத்திருக்க வேண்டும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். போன ஆவணியில் இன்னும் இரண்டு ஸ்டிக் செருகியதும் வேகம் 6000இலிருந்து 3600க்கு விழுந்தது. நான்கு ஸ்டிக் போட்டால் இந்த ப்ராசசருக்கு அதுதான் அதிகாரபூர்வ அளவு. மூன்று வாரம் பார்த்துவிட்டுக் கழற்றித் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். 2025 கடைசியில் ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது, இனி இப்போதைக்கு முடியாது.

போன வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதிய எண் நொடிக்கு 41 ஃப்ரேம். லேப்டாப்பில், முழுத் தோப்போடு. அப்பா குத்தகைத் தோப்பிலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். "கீழ் மட்டையெல்லாம் இப்படி நிமுந்து நிக்காது கண்ணு, தொங்கோணும்" என்றார். உண்மைதான், முதிர்ந்த மட்டைகளையும் இளசு மாதிரியே வைத்திருந்தேன். கீழ் இரண்டு அடுக்கைச் சாய்த்து, மறுபடி பேக் போட்டேன். அவர் கை கால் கழுவி, டீ குடித்து முடிப்பதற்குள் தோப்பு தயார். திரும்ப வந்து பார்த்தவர், பாளை எந்த மட்டையின் கக்கத்தில் வரும் என்று காட்ட ஆரம்பித்துவிட்டார்.