ஃபிடோநெட் அஞ்சல் இணைப்பு: சிராம்-எம்.டி.5 நல்லதா, டிஎல்எஸ் நல்லதா?

1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய, கணினி அறிவிப்புப் பலகைகளை (பிபிஎஸ்) இணைக்கும் ஃபிடோநெட் வலையமைப்பில் இன்று அஞ்சல் பெரும்பாலும் இணையத்தின் வழியே, பிங்க்பி நெறிமுறையில்தான் கைமாறுகிறது. சென்ற ஆண்டு என் நோடின் (அந்த வலையமைப்பில் உள்ள என் கணினியின்) கடவுச்சொல் ஏற்பாட்டை மாற்றியபோது, கடவுச்சொல்லை அனுப்பாமலே அதைத் தெரியும் என்று நிரூபிக்கும் சிராம்-எம்.டி.5 முறையையும், இணைப்பு முழுவதையும் மறையாக்கும் டிஎல்எஸ்ஸுக்குள் ஓடும் பிங்க்பியையும் பார்த்துவிட்டு முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். கடவுச்சொல்லை வெறுமனே அனுப்பும் பழைய முறை ஆகாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிராம் முறையில் அழைப்பை ஏற்கும் நோடு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சரத்தை அனுப்ப, அழைக்கும் நோடு கடவுச்சொல்லைச் சாவியாக வைத்துக் கணக்கிட்ட விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இது ஃபிடோநெட்டின் தொழில்நுட்பத் தர ஆவணமான எஃப்டிஎஸ்-1027-இல் எழுதப்பட்டிருப்பதால், வெவ்வேறு மென்பொருள்கள் தகராறின்றி ஒத்துப்போகின்றன.

ஆனால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று. எதிர்முனை தனக்குச் சிராம் தெரியும் என்று அறிவிக்காவிட்டால், அழைக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் பழைய முறைக்கு இறங்கிக் கடவுச்சொல்லை அப்படியே கொடுத்துவிடக்கூடும். எதிர்முனை போல நடிப்பவருக்கும் அதே கதவு திறக்கும். என் பிங்க்பி மென்பொருளான பிங்க்டியின் லாகில், எம்.டி.5 என்று வர வேண்டிய இடத்தில் ஓர் இணைப்புக்கு மட்டும் வெற்றுரை என்று பல வாரங்களாகப் பதிவாகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அஞ்சல் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் சந்தேகம் எழவில்லை. அந்த நோடின் வரியில் எம்.டி.5-ஐக் கட்டாயமாக்கும் விருப்பத்தைச் சேர்த்த பிறகுதான் நிம்மதியானது. இதைச் செய்யாத சிராம், பாதிப் பாதுகாப்புதான்.

டிஎல்எஸ்ஸின் பலம் மறுக்க முடியாதது: சிராம் கடவுச்சொல்லை மட்டும் காக்க, இது நெட்மெயில் எனும் தனிப்பட்ட அஞ்சல் உட்பட அனைத்தையும் மறைக்கிறது. வழக்கமான 24554-க்குப் பதில் 24553 போர்ட்டில் இயங்குவது மரபாகியிருக்கிறது. ஆயினும் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டுமா, சுயமாகக் கையெழுத்திட்டதை ஏற்கலாமா என்பதை இரு சிசாப்களும் (நோடுகளை நடத்துபவர்களும்) தமக்குள் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சரிபார்க்காவிட்டால் நடுவில் புகுபவரைத் தடுக்க முடியாது. நான் இதை ஒரே ஓர் இணைப்பில் சில வாரங்கள் மட்டுமே ஓட்டினேன். சான்றிதழ் புதுப்பிப்பு நாளடைவில் எவ்வளவு தொல்லை தரும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. சிராமுக்கும் ஒரு குறையுண்டு: இரு முனைகளும் கடவுச்சொல்லைக் கோப்பில் வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும், ஆகவே அந்தக் கோப்பைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது அவசியம்.

அஞ்சல்களைக் கட்டி அனுப்பும் கோப்பான பொதிக்குள் வைக்கும் தனிக் கடவுச்சொல்லுக்கு இரண்டுமே மாற்றாகாது. எஃப்டிஎஸ்-0001 வகுத்த பொதித் தலைப்பில் அதற்கு 8 பைட்டுகள்தான் உண்டு. நான் 10 எழுத்துகளில் ஒன்றை வைத்தபோது என் மென்பொருள் கடைசி இரண்டை வெட்டிவிட்டது. எதிர்முனையோ முழுச் சொல்லையும் எதிர்பார்த்து, என் பொதிகளைக் கெட்டவை என்று ஒதுக்கியது. இப்போது பொதிக்கு எட்டே பெரிய எழுத்துகள், இணைப்பு அமர்வுக்கு நீளமான வேறொரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன்.