பெங்களூர்–கோவா கேசினோ பேக்கேஜ்: எந்த டேபிளில் உட்காரலாம்?

மெஜஸ்டிக்கில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பனாஜி. மாண்டவி ஆற்றுக் கேசினோ கப்பலில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கவனம் டேபிளில்தான் வேண்டும்.

ரூலெட் சக்கரத்தில் பச்சைக் கட்டம் எத்தனை என்று பாருங்கள். ஒரு சைபர் என்றால் நீங்கள் கட்டும் பணத்தில் சராசரியாகக் கேசினோவின் பங்கு 2.7%, இரண்டு என்றால் 5.26%. பக்காரா சீட்டாட்டத்தில் பேங்கர் பக்கம் கட்டினால் 1.06%தான், ‘டை’ (இரு பக்கமும் சமம்) 1-க்கு 8 தந்தாலும் 14.36% போய்விடும், சீண்டவே வேண்டாம். பிளாக்ஜாக்கில் (21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் சீட்டாட்டம்) டேபிள் துணியைப் படித்துவிட்டு உட்காருங்கள். முதல் இரண்டு கார்டிலேயே 21 வந்து ஜெயித்தால் எவ்வளவு தருவார்கள் என்று அதில் இருக்கும்: 3:2 என்றால் 100 ரூபாய்க்கு 150, 6:5 என்றால் வெறும் 120. டீலர் 6 காட்டும்போது, ஏஸ் இல்லாமல் உங்கள் கார்டுகளின் கூட்டு 12 முதல் 16 வரை இருந்தால் அடுத்த கார்டு கேட்காதீர்கள்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டுவது சுத்த வேஸ்ட். 500-இல் தொடங்கினால் ஆறே தோல்வியில் 31,500 காலி. ஏழாவதற்கு 32,000 வேண்டும், அதற்குள் டேபிள் லிமிட் குறுக்கே நிற்கும். ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி உண்டு, தோற்றதை அதில் கழிக்க முடியாது.